2099-க்குத் தள்ளிவைத்த கல்யாணம்

மண்டபத்தின் மாண்புமிகு தலைவர் விஸ்வலிங்கம் ஐயா அவர்களே! குனோங் ராபாட் ஊரின் குணக்குன்றுகளான பெரியோர்களே! முன்வரிசையில் முறுக்கோடு முழங்கும் தாய்மார்களே! மணமக்கள் ஷாமினி அக்கா, விக்னேஸ்வரன் அண்ணன் இருவருக்கும் வணக்கம்!

இந்தத் திருமணம் இங்கே நடக்காமல் தடுக்கப் பார்த்தவன் ஒருவன் உண்டு. யார் அவன்? எங்கே அவன்? இதோ, ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் ஷர்வின்தான் அவன்! பெண் வீட்டு யுகேந்திரன் அண்ணே, அடிக்க எழுந்திரிக்காதிங்க, கதை இருக்கு!

மண்டப முன்பதிவுகளை ஐயா இணைய நாட்காட்டியில் குறிப்பார். அவற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றி, எந்த நாள் காலி என்று வலைப்பக்கத்தில் காட்டும் நிரல் என்னுடையது. மணப்பெண்ணின் தாயார் செல்லாயி ஆன்ட்டி இந்த நாளைத் தேடினார். காலி இல்லை என்றது பக்கம். மாப்பிள்ளைக்கோ கப்பல் வேலை; கரையில் இருப்பது இந்த ஒரே வாரம்!

"டேய், என் செருப்ப ரெண்டையும் சேத்துக் கட்டுனவன்தானே நீ? இதுவும் ஒன் வெளையாட்டா?"

"சத்தியமா இல்ல ஆன்ட்டி!"

"போடா. நான் காம்பார்ல மண்டபம் பாத்துக்குறேன்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. செய்யாத குறும்புக்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான். ஐயாவின் நாட்காட்டியைத் திறந்தேன். அந்த நாள் வெறுமை! நாட்காட்டியில் காலி, தரவுத்தளத்தில் கல்யாணம்!

"ஐயா, அன்னிக்கு இருந்த கல்யாணம் எங்க?"

"அவங்க வேற மண்டபம் போயிட்டாங்க தம்பி. கல்யாணத்த அழிக்கலாமா? அபசகுனம். அதான் 2099-க்கு நகத்தி வச்சிட்டேன்."

சிரிக்காதீர்கள்! பிழை ஐயாவுடையதா? இல்லை, என்னுடையது. புதிதாய் வந்ததை என் நிரல் கேட்டது. நகர்ந்ததைக் கேட்டதா? இல்லை! நீங்கியதைக் கேட்டதா? அதுவும் இல்லை!

அங்கேயே அமர்ந்து திருத்தினேன். இப்போது அது நாட்காட்டியிடம், "போன முறை நான் வந்துபோன பின் என்னென்ன மாறியது?" என்று கேட்கும். வந்ததை எழுதும், நகர்ந்ததை நகர்த்தும், நீங்கியதை நீக்கும். எங்கே விட்டோம் என்ற குறி தொலைந்தால், கூச்சப்படாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் படிக்கும்.

உடனே ஆன்ட்டியை அழைத்தேன். காம்பார் போகும் வழியில் கார் சிம்பாங் பூலாயை எட்டியிருந்தது.

"ஆன்ட்டி, வண்டிய திருப்புங்க! நாள் காலியா இருக்கு!"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"பக்கத்தத் தொறந்து பாருங்க!"

காரை ஓரங்கட்டிப் பக்கத்தைத் திறந்தார். பிறகு, "வாரேன்டா" என்றார்.

அன்பு மணமக்களே! கப்பல் கடலில் இருக்கும், கண்மணி கரையில் இருப்பார். மாதங்கள் மாறும், மனங்களும் மாறும். நேற்று அறிந்தவரே இன்றும் இருக்கிறார் என்று இருந்துவிடாதீர்கள். பேசும்போதெல்லாம் கேளுங்கள்: உன்னிடம் என்ன மாறியது? கேட்டுக்கொண்டே இருங்கள்! கேட்பதே காதல்!

குறும்புக்காரனின் சொல்லை நம்பிக் காரைத் திருப்பிய செல்லாயி ஆன்ட்டிக்குத் தலைதாழ்ந்த நன்றி. அவையோர் அனைவருக்கும் அன்பு வணக்கம்!