மேகம் விலகிய கட்டம்

எங்கள் அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடியை நாள்தோறும் நானே துடைத்துவிடுவேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் இருந்த கட்டடம் அது. ஒரே நாளில் வெண்தூள் படிந்துவிடும். வெள்ளையிலிருந்து வெள்ளையைப் பிரித்தறிவது என் தொழிலாகையால், வெளிச்சத்தில் குறை இருக்கக் கூடாது.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கே ஒரு மலைத்தொடரைச் செயற்கைக்கோள்கள் காலையிலும் பிற்பகலிலும் படமெடுக்கும். படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது பனியா, மண்ணா, மேகமா என்று நான் முடிவு செய்வேன். பனியும் மேகமும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெண்மை. அகச்சிவப்புப் படத்தில் பனி கறுத்துவிடும், மேகம் வெளுத்தே நிற்கும். மேகம் மறைத்த கட்டத்துக்கு முந்தைய நாள் இருந்ததையே எழுத வேண்டும் என்பது விதி. விதியை வகுத்தவன் நான். அன்றாட வரைபடம் நண்பகல் பன்னிரண்டுக்கு வெளியாகும். பின்னர்ப் பிழை தெரிந்தால் திருத்தச் சீட்டு எழுதி, மறுபடி வெளியிட வேண்டும். 2003 முதல் நான்கு ஆண்டுகளில் நான் ஒரு சீட்டும் எழுதியதில்லை.

பக்கத்து மேசையில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவர் ஜெசி. அவருடைய கணவர் சார்லஸ், கம்மாபுரத்துக்காரர், அந்த மலையில் சாலைப்பணிக்கு லாரி ஓட்டினார். 2007 ஜூன் விடுமுறையில் அலுவலகத்துக்கு வந்தவர், சுவரில் இருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், இந்த எடத்துலதான் லாரி பனியில பொதஞ்சி ரெண்டு நாளு கெடந்தேன். உங்க மேப்புல வெயில் காயுது. வத்தல் போட்டு எடுக்கலாம் போல இருக்குது."

அலுவலகத்தில் இருந்த நால்வர் சிரித்தனர். ஜெசியும் சிரித்தார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அது மே ஒன்பதாம் நாள் வரைபடம்; அன்று அக்கட்டத்தில் மேகம்; விதி சரியாகவே செயல்பட்டது. சிரித்தவர்களின் பெயர்களை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

அக்டோபரில், சார்லஸ் லாரி ஓட்டும் சாலை கடந்துபோகும் கணவாயின்மேல் ஐந்து நாள் மேகம் நின்றது. ஐந்து நாளும் விதிப்படி மண் என்றே எழுதினேன். ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டு பதின்மூன்றுக்கு வந்த படத்தில் மேகம் விலகியிருந்தது. கணவாய் முழுவதும் பனி. அகச்சிவப்பிலும் பார்த்தேன்; கறுப்பு. ஐயத்துக்கு இடமில்லை.

திருத்தச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்போது ஜெசி கைபேசியோடு வந்தார்.

"சார், அவரு மலையடி பூத்துலேர்ந்து பேசுறாரு. வழியில பனி இருக்குதா, மேல ஏறலாமானு கேக்குறாரு. என்னதான் கிண்டல் பண்ணாலும் சார் சொன்னாதான் வண்டிய எடுப்பேங்குறாரு."

புதிய படத்தைத் திரையில் சுருக்கி மறைத்தேன். முடிவுறாத வேலையைப் பிறருக்குக் காட்டும் வழக்கம் எனக்கில்லை.

"இன்னைக்கு மேப்புல மண்ணுதாம்மா," என்றேன்.

"ஏறலாமாம்," என்று ஜெசி கைபேசியில் சொன்னார். அது அவருடைய சொல், என்னுடையதன்று.

அடிவாரத்திலிருந்து கணவாய்க்கு லாரியில் நான்கு மணி நேரம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் தொலைபேசி உண்டு. எண் ஜெசியிடம் இருந்தது. சீட்டை இழுப்பறையில் வைத்தேன். ஐந்தரை வரை இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

பனியில் புதைந்த லாரியை, அவர் மலையேறிய ஆறாம் நாள் தோண்டி எடுத்தார்கள். அடக்கத்துக்கு நானும் சென்றிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்கு வந்த ஜெசி, "அவரு கடைசியா போன வழி, சார். அன்னிய மேப்ப ஒரு பிரிண்டு போட்டுத் தாங்க. பைபிளுக்குள்ள வச்சிக்கிறேன்," என்றார்.

பிழையுள்ள வரைபடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. கணவாயைப் பனியாக மாற்றினேன். திருத்திய வரைபடத்தின் அடியில் ஆதாரப் படம் வந்த நேரம் அச்சாக வேண்டும், அச்சாயிற்று. ஜெசி வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"ரெண்டு பதிமூணுனு போட்டுருக்குது, சார். அவரு பேசுனது ரெண்டு இருவது."

"ஆமாம்மா."

"அப்ப நீங்க பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன்."

அங்கிருந்து அவர் நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தார். சார்லஸ் கேட்டது வரைபடத்தைப் பற்றி அன்று, வழியைப் பற்றி என்பதும், ஏறினால் திரும்பமாட்டார் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். மறுக்கவில்லை. அந்த வரைபடத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டீர்கள். மூலை மடங்காமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதில் இப்போது பிழை எதுவும் இல்லை.