அடிமடிப்பில் ஈயம்

எங்கள் இருவரில் யார் முதலில் அந்தப் பேச்சை எடுத்தது என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அன்று என் மகள் போட்டிருந்த கவுன் சாம்பல் நிறம், அடிமடிப்பு இரட்டைத் தையல் என்பது நினைவிருக்கிறது. நான் தையல்காரன். துணி எனக்கு மறக்காது, பேச்சு மறந்துபோகும்.

அவளுக்குச் சாப்பாட்டைக் கண்டால் பயம். அப்படி ஒரு நோய் இருப்பதே அவளுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வாராவாரம் சிகிச்சை நிலையத்தில் எடை பார்ப்பார்கள். இறங்கினால் உள்ளே சேர்த்துவிடுவார்கள். துணைக்கு அம்மா மட்டும்தான் தங்கலாம்.

அங்கே பெற்றோர்களை வட்டமாக உட்காரவைத்து ஆலோசகர் அம்மா பேசுவார். "பிள்ளை கெஞ்சும், அழும், உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாக்கும். அது நோய் பேசுற பேச்சு. கோபப்படாதீங்க, விட்டும் கொடுக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே குரலா இருங்க." மற்றவர்களுக்குப் புரியாததை நான் விளக்குவேன். ஒரு லாரி ஓட்டுநர் என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். "உங்க பொறுமை எனக்கு வராதுண்ணே."

என் மனைவிக்கும் அவ்வளவாக வராது. ஆனால் காலையும் இரவும் மகளின் தட்டு காலியாகும்வரை பக்கத்திலிருந்து எழமாட்டாள்.

"நீ அம்மாவா, ஜெயிலரா?"

"ஜெயிலர்னே வச்சுக்க. இந்த ஒரு வாய், ராசாத்தி."

பிறகு குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவுவாள்.

பிறந்ததிலிருந்து மகள் அம்மா வால். நான் அறைக்குள் நுழைந்தால் இருவரின் சிரிப்பும் தணிந்துவிடும். நோய் வந்த பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. அதனால் மதியச் சாப்பாடு என் கடையில், என் பொறுப்பில். மகள் தட்டைத் தள்ளினால் நான் சாப்பிட்டுவிடுவேன். "நாம கூட்டுக் களவாணிங்கப்பா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கே எனக்கானது.

எடை இறங்கத்தானே செய்யும். திரைச்சீலை காற்றில் பறக்காமலிருக்க அடியில் ஈயத்துண்டு வைத்துத் தைப்போம். அதைக் கவுனின் மடிப்பில் வைத்தேன். வெளியே ஒரு சுருக்கம் தெரியவில்லை. அந்த வாரம் முள் ஏறியது. மனைவி நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க பொறுமைதாங்க" என்றாள். பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரு மதியம் மகள் பொத்தான் டப்பாவைக் கிளறியபடி கேட்டாள்.

"அப்பா, படி ஏறினா நெஞ்சு படபடங்குது. அம்மாட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா அம்மா மனசு உடைஞ்சிரும் கண்ணு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

சரியென்றாள். அந்த நாட்களில் அவள் என் சொல்லைத் தட்டியதில்லை.

அடுத்த வாரம் எடை பார்க்கப் போகும் வழியில் அவள் இதயம் நின்றது. மருத்துவமனையில் கவுனை மனைவியிடம் கொடுத்தார்கள். மடிக்கும்போது அது கனத்தது. அவள் பிரித்துப் பார்க்கவில்லை. மடிப்பை விரலால் தடவினாள். என் தையல் அவளுக்குத் தெரியும்.

மனைவி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. லாரி ஓட்டுநரின் மகள் தேறி, கல்லூரிக்குப் போகிறாள். ஆலோசகர் அம்மா இன்னும் அதே அறையில் பெற்றோர்களிடம் பேசுகிறார். நான் கடை நடத்துகிறேன். திரைச்சீலை வேலை மட்டும் எடுப்பதில்லை.

விசாரித்தவர்களிடம், பிள்ளை கெஞ்சினாள், என் மனம் கேட்கவில்லை என்று சொன்னேன். தகப்பன் மனசு அப்படித்தான் என்றார்கள்.

அவள் கெஞ்சவில்லை. எடை பார்க்கும் நாளுக்கு முன்தினம் கடைக் கண்ணாடி முன் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஈயத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொன்னது நான்தான். அவள் முதலில் வேண்டாமென்றுதான் தலையாட்டினாள்.