அமெரிக்காப் பாடமும் மாயவன் பரிசலும்

எனக்கு மீன் வறுவல் பிடிக்காது, ஐயா. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது நான் கரையில் உட்கார்ந்து மகள் கனிமொழியின் பள்ளிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நாற்பது வயசுக்கு மேல் கற்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும்.

அதில் அமெரிக்காக்காரர்கள் பாடம் ஒன்று. கடல் தாண்டி இருந்த இங்கிலாந்துச் சபை, அவர்கள் ஆள் ஒருவர்கூட அதில் இல்லாமலே, காகிதத்துக்கும் தேயிலைக்கும் வரி போட்டது. மனு எழுதினார்கள், பலனில்லை. சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். கடைசியில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்.

எங்கள் பரிசல்துறையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அப்படித்தான். தருமபுரியில் இருக்கிறாராம், நான் பார்த்ததில்லை. சவாரியில் எடுக்கும் பங்கை அவராகவே ஏற்றினார். மனு கொடுத்தோம். தடியோடு ஆட்கள் வந்து, நாங்கள் ஒதுங்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள்.

பாடத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பங்கு குறையும்வரை துடுப்பைத் தொடுவதில்லை என்று முடிவானது. என் தங்கை சின்னம்மாளின் புருஷன் மாயவன் மட்டும் ஓட்டினான்.

"வூட்ல அடுப்பு எரியணும் மச்சான். உங்க அமெரிக்காக்காரன் அரிசி அனுப்புவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் இன்னும் இருவர் துடுப்பை எடுத்தார்கள்.

ஆள் ஏற்றும் முன் பரிசலைத் தூக்கி வெயிலுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும், தார் பூசி அடைப்போம். மாயவன் சாப்பிடப் போனபோது அவன் பரிசலின் அடியை ஒரு சாண் அறுத்தேன். வெளிச்சம் தெரியாமல் தார் தடவினேன். காயாத தார் கரையோரம் தாங்கும், ஆற்றின் இழுப்பில் தாங்காது. அவன் வந்து தூக்கிப் பார்த்தான், திருப்தியாக இறக்கினான்.

பெங்களூர்ப் பக்கத்துப் புது ஜோடி ஒன்று வந்தது. அந்தப் பெண் தயங்கினாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டவன் நான்.

"மச்சானுக்குக் கோவம் போயிடுச்சு" என்று மாயவன் சிரித்தான்.

மிதவை உடுப்பையும் அவளுக்கு இறுக்கிக் கட்டினேன். பாறை இடுக்குச் சுழலில் அது உதவாது என்று தெரியும். மூன்று உடலும் கிடைக்க இருட்டிவிட்டது.

அவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கடலில் கொட்டியவர்களுக்குத் தேயிலை மேலா கோபம் இருந்திருக்கும்?

மறுநாளே எல்லாரும் ஓட்டப் போய்விட்டார்கள். நேற்று சிறைக்கு என்னைப் பார்க்க வந்த பரிசல்காரன் பூபதி சொன்னான், "பாதுகாப்புக்குன்னு பங்கை இன்னும் ஏத்திட்டாங்கண்ணா."

அதற்காவது எங்கள் சம்மதத்தைக் கேட்டிருக்கலாம், ஐயா.