கை கழுவிட்டு வாங்க, சொல்றேன்

— முதல்ல உக்காருங்க. அந்த இஞ்சித் துண்டை மென்னு முழுங்கிட்டு அப்புறம் சோத்துல கை வைங்க.

— ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சான்னு கேட்டேன்.

— வந்துச்சு.

— என்ன சொன்னாங்க?

— சாப்பிட்டுக் கை கழுவிட்டு வாங்க. சொல்றேன்.

— என்ன விளையாட்டு இது? பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு மூச்சிரைக்க ஓடி வந்திருக்கேன். கட்டின பொண்டாட்டியே இப்படிப் பண்ணினா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?

— ஓடிக்கிட்டும் நின்னுக்கிட்டும் தின்னுதானே வயிறு இந்தக் கதிக்கு வந்துச்சு? சாப்பிடற நேரத்துல நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாதுன்னு சித்த வைத்தியர் சொன்னாரா இல்லையா?

— சண்டை போடாம சாப்பிடுங்கன்னுதான் சொன்னாரு. டெஸ்ட் ரிசல்ட்டை மறைக்கச் சொல்லலை. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி வயித்துல குழாய் விட்டுப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினதே அவருதானே?

— அவரு சொன்னபடி போனோம்ல? இப்ப அவரு சொன்னபடி சாப்பிடுங்க. மத்தியானச் சாப்பாடுதான் வயித்துக்குப் பெரிய சாப்பாடு. சூடு ஆறுது பாருங்க.

— எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது.

— புளியே ஆகாதுன்னுல்ல சொல்லியிருக்காரு.

— சிரிக்காதே. சிரிச்சுக்கிட்டே என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறே. சொல்லித் தொலையேன்.

— மெதுவா மெல்லுங்க. லாரியில மூட்டை ஏத்தற மாதிரி ஏத்தாதீங்க.

— எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒண்ணுமில்லீங்க, வெறும் வாயுன்னு சொல்லிச் சொல்லியே அண்ணி கஞ்சி ஊத்தினாங்க. ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு, அவனுக்குத்தான் தெரியாது. அதுபாட்டுக்கு ஒருநாள் போயிட்டான்.

— அதையே நினைச்சுக்கிட்டுச் சாப்பிட்டா அமிர்தம்கூடச் செரிக்காதுங்க.

— செரிக்கவே வேண்டாம். இந்தா, தட்டை எடுத்துட்டுப் போ.

— தட்டைத் தள்ளாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு வேளை நீங்க வயிறாரச் சாப்பிட்டு நான் பாக்கணும்.

— இன்னிக்கு ஒரு வேளையா? அப்ப நாளைக்கு என்ன?

— பருப்பு இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டுமா?

— பேச்சை மாத்தாதே. பெரிய பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?

— சொன்னேன். சாயங்காலம் வர்றா.

— வேலை நாள்ல லீவு போட்டுட்டு வர்றாளா? அப்ப என் கதை முடிஞ்சுது. தெரிஞ்சு போச்சு, நீ சொல்லவே வேண்டாம்.

— நீங்களா எதையாவது கற்பனை பண்ணிக்காதீங்க. வெந்நீரை ஒவ்வொரு வாயாக் குடிங்க. மடக்கு மடக்குன்னு ஊத்தாதீங்க.

— இங்க பாரு. நான் போயிட்டா நீ இந்த வீட்டுல ஒண்டியாக் கிடக்காதே. பெரியவகூடப் போயிடு. மாப்பிள்ளை நல்ல பையன், உன்னைத் தாங்குவான்.

— வாயில சோத்தை வச்சுக்கிட்டு இப்படியா பேசுவாங்க? நான் ஊட்டி விடவா?

— வேண்டாம். பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலைச்சரிவுல இறக்கினவன் நான். அன்னிக்குப் பயப்படாதவன், இன்னிக்கு ஒரு உருண்டைச் சோத்தை வாய்க்குக் கொண்டு போகாம உக்காந்திருக்கேன் பாரு. பயமா இருக்குடி. எனக்குச் சாகப் பயமா இருக்கு.

— எனக்கும்தாங்க. சாப்பிடுங்க.

— இந்தா, முடிஞ்சுது. கையும் கழுவியாச்சு. இப்பவாவது சொல்லு.

— உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. வெறும் புண்ணு. காரத்தைக் குறைச்சு, நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டா ஆறிடும்னாங்க.

— நிஜமாவா? என் தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணு.

— சத்தியமா.

— அடிப்பாவி. போன உசுரு இப்பத்தான் திரும்பி வருது. இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? பெரியவளை எதுக்கு அலைய விடறே? ஏய், இப்ப எதுக்கு அழறே? அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே.

— அன்னிக்கு உங்களுக்குக் குழாய் விட்டுட்டு மயக்கத்துல படுக்க வச்சிருந்தாங்கள்ல. எனக்கும் கொஞ்ச நாளா எதைத் தின்னாலும் நெஞ்சுலயே நிக்குதுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னேன். நீங்க பட்டினின்னு நானும் பச்சத் தண்ணி பல்லுல படாமத்தானே வந்திருந்தேன்? எனக்கும் விட்டுப் பாத்து, சதை எடுத்து அனுப்பினாங்க.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— நீங்களே அரை உசுராக் கிடந்தீங்க. உங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?

— சரி, உனக்கு என்னன்னு சொன்னாங்க?

— எனக்குத்தாங்க கட்டி. நாளைக்கே வந்து படுக்கணுமாம். இதைக் கேட்டா இனிமே உங்களுக்குச் சோறு இறங்காதுன்னுதான் முதல்ல சாப்பிட வச்சேன்.