கரண்ட் போகாத காலம்

பதறாதீங்க தம்பி, கரண்ட்தான் போயிருக்கு. லிஃப்ட் எங்கயும் விழுந்துடாது. கீழ வாட்ச்மேன் டீசல் கேனை இனிமேதான் தேட ஆரம்பிப்பாரு, ஜெனரேட்டர் ஓட எப்படியும் கால் மணி நேரம் ஆகும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பரவால்ல, நான் நின்னே பழகினவன்.

ஆமா, நீங்க சொல்றது சரிதான். ஜெனரல் அய்யா நாட்டை ஆண்ட காலத்துல கரண்ட் போனதே இல்ல. பாருங்க, அந்தாளு செத்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் எனக்கு வாயில அய்யான்னுதான் வருது. நீங்க அப்போ பொறந்தே இருக்க மாட்டீங்க. அப்பா சொன்னாரா? தப்பா சொல்லல.

ஓ, கையில இருக்கற பேப்பர் அதுக்குத்தானா? நம்ம தெருவுக்கு மறுபடியும் அவர் பேரையே வைக்கணும்னு கையெழுத்து வாங்கறீங்க. எத்தனை வீடு ஆச்சு? இருபத்திரெண்டா? அட. நானுமா? நான் இங்க வேலை பாக்கறவன்தானே. அதுவும் செல்லுமா? குடுங்க, படிச்சுப் பாக்கறேன். போன் லைட்டை இப்படிக் காட்டுங்க.

மூணாவது மாடி போஸ்ட்மாஸ்டரா? அவரு போட மாட்டாரு. கதவை மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்தினாரா? மனசுல வச்சுக்காதீங்க. பார்க்கிங்ல ஒரு ஓட்டை சைக்கிள் இடத்தை அடைச்சுட்டு நிக்குதுன்னு போன மாசம் சண்டை போட்டீங்களே, அது அவங்க அண்ணனோடது. அய்யா காலத்துல போலீஸ் வந்து, சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்னு அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல. இவரு இன்னும் மாசாமாசம் அதோட செயினுக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்காரு.

ம்... ரோடு போட்டாரு, ஆஸ்பத்திரி கட்டினாரு. யாரு இல்லன்னா? நாலு பேரைப் புடிச்சு உள்ள போட்டாத்தான் நாடு உருப்படும்னு நானும் சலூன்ல உக்காந்து பேசினவன்தான். எனக்கு ஒரு குறையும் இருந்ததில்ல. கவர்மெண்ட் வேலை, யூனிஃபார்ம், குவார்ட்டர்ஸ்.

எங்கயா? இதே லிஃப்ட் வேலைதான். உள்துறை ஆபீஸ்ல, பதினாலு வருஷம். ஆமா, அந்த பில்டிங்தான். இப்போ மியூசியமா ஆக்கிட்டாங்களாம். நான் போய்ப் பாக்கல.

இப்போ ஏறும்போது நீங்ககூட சிரிச்சீங்களே, எட்டு மாசமா அஞ்சாவது மாடிக்குத்தானே போறேன், தினமும் எந்த மாடின்னு கேக்கறீங்களேன்னு. இந்த பில்டிங் முழுக்க அதான் கிண்டல், பெருசுக்கு மறதின்னு. மறதி இருந்தா எவ்வளவோ நல்லா இருக்கும்.

அந்த லிஃப்ட்ல யாரும் எனக்கு மாடி சொல்ல வேண்டியதில்ல. ஃபைலோட வந்தா மேல. பக்கத்துல ஒரு போலீஸ்காரன் முழங்கையைப் புடிச்சுட்டு வந்தா பேஸ்மெண்ட். நானே அழுத்திடுவேன். பேஸ்மெண்ட்ல இறக்கி விட்ட ஒருத்தரையும் நான் திரும்ப ஏத்திட்டு வந்ததில்ல. ஏன்னு யாரையும் கேட்டதுமில்ல.

ஒரு நாள், காலைல பதினொரு மணி இருக்கும். நாலாவது மாடியில ஒரு போலீஸ்காரன் ஒருத்தரைக் கூட்டிட்டு ஏறினான். ஏறினவன், அடச்சே ஃபைலை மேஜை மேலயே வச்சுட்டேன், நீ இவரைக் கீழ கொண்டு போ, அங்க ஆள் நிக்கறாங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டான். கதவு மூடிடுச்சு. உள்ள ரெண்டே பேரு, இப்போ நீங்களும் நானும் இருக்கற மாதிரி.

விலங்கு கிடையாது. இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி. வாத்தியாரோ என்னவோ. அண்ணே, கிரவுண்ட் ஃப்ளோர்ல நிறுத்துங்கன்னாரு. கெஞ்சல தம்பி. தினம் வந்து போறவரு சொல்ற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னாரு. கீழ மனு குடுக்க வந்த கூட்டம், வாசல் திறந்தே கிடக்கும். அவரு பாட்டுக்கு நடந்து தெருவுக்குப் போயிருக்கலாம். அந்த பட்டனுக்கும் பேஸ்மெண்ட் பட்டனுக்கும் ஒரு விரல்தான் இடைவெளி.

வீட்டுல அப்போ மாசமா இருந்தா. அவளுக்காகத்தான் அப்படிப் பண்ணேன்னு ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிட்டு இருந்தேன். பொய். அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, பழக்கத்துல, என் விரல் பேஸ்மெண்ட்டை அழுத்திடுச்சு. அப்புறமா மாத்தி அழுத்தியிருக்கலாம். நாலு மாடி இறங்கற நேரம் இருந்துச்சு. என்ன பண்ணேன் தெரியுமா? கடவுளே, கரண்ட் போயிடட்டும்னு வேண்டிக்கிட்டேன். நடுவுல நின்னுட்டா நான் ஒண்ணும் முடிவு பண்ண வேண்டியதில்ல பாருங்க.

அவரு ரெண்டாவது தடவை கேக்கல. கிரவுண்ட் ஃப்ளோர் தாண்டினதும் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, பாக்கெட்ல பத்திரமா வச்சுக்கிட்டாரு.

இல்ல இல்ல, போஸ்ட்மாஸ்டரோட அண்ணன் இல்ல. வருஷம் ஒத்து வரல, நான் நைசா விசாரிச்சுட்டேன். ஆனாலும் மூணாவது மாடியில கதவு திறந்தா நான் தரையைத்தான் பாத்துட்டு நிப்பேன்.

அப்பாகிட்ட சொல்லுங்க, அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு. அன்னிக்கும் கரண்ட் போகல.

இந்தாங்க, உங்க பேப்பர். பேனாவையும் வாங்கிக்கங்க, மூடியைத் திறக்கல. அதோ, ஃபேன் சுத்துது, வந்துடுச்சு. சொல்லுங்க தம்பி, எந்த மாடி?