இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

புத்தகத்தைத் தொடும் முன் கை கழுவாதவர்களை எனக்குப் பிடிக்காது. தச்சர் கழுவினார், முழங்கை வரை.

"ஆபரேஷன் பண்றவங்ககூட இவ்வளவு கழுவ மாட்டாங்க போல, தம்பி" என்று சிரித்தார். எங்கள் நூலகத்தின் அரிய நூல் அறைக்கு ஏழு மாதத்தில் வந்த முதல் ஆள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும் சார். ஒரு நாணயத்தை வெளியிடும் முன் நாணயச்சாலையில் ஒன்றிரண்டைத் தங்கத்தில் அடித்துப் பார்ப்பார்கள். அந்த மாதிரிகளின் பட்டியல் அது. அச்சானதே அறுபது பிரதி. இந்த ஊரில் எங்களிடம் மட்டும்தான். அதில் படம் இருந்தால் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். இல்லாவிட்டால் வெறும் தங்கம், உருக்கத்தான்.

அவர் கைக்குட்டையைப் பிரித்துத் தங்க நாணயத்தைக் காட்டியதுமே தெரிந்துவிட்டது. பக்கம் 212. எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம்.

"அப்பா வச்சிட்டுப் போனது. இதுல இருந்துச்சுன்னா என் தங்கச்சி பொழைச்சுக்குவா. இதயத்துல ஓட்டை. மூணு மாசத்துக்குள்ள பண்ணணுமாம். எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

"தேடணும்ண்ணே. அடுத்த புதன் வாங்க" என்றேன். உடனே சொல்லியிருந்தால் உடனே போயிருப்பார்.

புதன்தோறும் வந்தார். ஆடிக்கொண்டிருந்த என் நாற்காலியைச் சரிசெய்து தந்தார். விளிம்பு வரிகள், அச்சுப் பிழைகள் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் ம் கொட்டுவார். அதற்கு முன் எனக்கு யாரும் ம் கொட்டியதில்லை.

நான்காம் வாரம், "ஒருவாட்டி நானே புரட்டிப் பாக்கறேனே" என்றார். குடிக்கத் தண்ணீர் எடுத்துவரப் போனார். அதற்குள் அந்தப் பக்கத்தைப் பிளேடால் எடுத்துவிட்டேன். தையல்கூடத் தளரவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தார், பாவம். வேறொரு பிரதிக்குக் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னேன். போடவில்லை.

பதினோராவது புதன் வெறுங்கையோடு வந்தார்.

"உருக்கிட்டேன் தம்பி. ஆபரேஷன் செலவுல பாதிக்குக்கூடக் காணல. நீங்களும் எவ்வளவோ பாத்தீங்க."

எனக்கு நன்றி சொல்ல மட்டும் அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் அவர்.

அந்தப் பெண் இறந்தது நீங்கள் சொல்லித்தான் தெரியும். பக்கம் என் மேசை டிராயரில் இருக்கிறது; மடிக்கவில்லை. வெட்டியது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள். புதனுக்குள் என்னை விட்டுவிடுங்கள் சார். இனி அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, கட்டாயம் வருவார்.