எடுத்து வைக்காத அளவு

லேடெக் என்னும் மென்பொருளில் அமைக்கப்படும் பக்கத்தின் ஓரங்கள் ஒருபோதும் கோணுவதில்லை. ஐயா, இவ்வாக்குமூலத்தையும் நானே அமைத்துத் தந்திருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும்.

என் பெயர் ஞானசிங். குழித்துறையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கைகளை அச்சிடுபவன். பத்தாம் வகுப்பையே நாற்பது வயதுக்குப் பின்னர்தான் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். லேடெக்கை அதற்கும் பின்னர், எவரிடமும் கேளாமல் கற்றேன். ஆகவே நான் செய்ததை அறியாமை என்று எழுதிவிட வேண்டாம்.

எங்கள் சபை ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்தும். கடற்கரை ஊர்களிலிருந்தும் மக்கள் வருவர். அங்கே எடுக்கும் இரத்தத்தை எங்கள் கூடமே சோதிக்கும். ஒவ்வொருவரின் அளவுகளும் உடனுக்குடன் அச்சாகும் விவரப் பக்கங்கள் பரிசோதனைக் கூடத்திலேயே தங்கிவிடும். வந்தவர் கையில் கிடைப்பது சிறிய அட்டை ஒன்றே. அட்டைத் தாளை வீணாக்காதிருக்க, அனைவருடைய விவரங்களையும் முதலில் கணினி வாசிக்கும். அட்டைகளை முடிவில் சேர்த்து அச்சிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவை ஒரு மேக்ரோவில், அதாவது ஒரு பெயருக்குள், வைக்கிறோம். அடுத்த ஆள் வந்ததும் அதே பெயருக்குள் அடுத்த அளவு வந்து அமரும். முந்தைய அளவு பின்னர் தேவைப்படுமெனில், அக்கணமே அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அளவை எடுத்து வைக்காமல் பெயரை மட்டும் குறித்துவைத்தால், முடிவில் அச்சாகும் எல்லா அட்டைகளிலும் கடைசியாக வந்தவரின் அளவே விழும்.

அவ்வாண்டு கடைசியாக இரத்தம் கொடுத்தவள் ஜினிஷா. தன்னார்வலராக வந்த கல்லூரி மாணவி, நல்ல ஆரோக்கியம்.

என் மனைவி சத்தியபாயின் அளவு நான்கைத் தாண்டியிருந்தது. ஒன்றரையைத் தாண்டினாலே மருத்துவர்கள் கவலைகொள்வர். எங்கள் ஒரே மகள் ஜாஸ்பினுக்கு ஜெர்மனியில் செவிலியர் பணி கிடைத்திருந்தது. “அம்மைக்க ரிசல்ட் வரட்டும் அப்பா. ஏதாவது இருந்துன்னா நான் போவல்ல, பாத்துக்கிடுங்க” என்று அவள் சொல்லியிருந்தாள்.

அட்டைகளுக்கான நிரலை மீண்டும் திறந்தேன். ஆட்பெயர்களை முறைப்படி எடுத்து வைத்தேன். அளவை எடுத்து வைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் பின்னர் அட்டைகள் வழங்கப்பட்டன. அளவு கூடியவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். அவ்வாண்டு எவரும் அனுப்பப்படவில்லை. வாசலில் பெண்கள் அட்டைகளை ஒப்பிட்டனர்.

“ஏட்டி, உனக்கும் எனக்கும் ஒரே அளவுல்லா.”

“ஒரே சபைல்லா மக்கா. ரெத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

சத்தியபாயும் சிரித்தாள். “பாத்தியளா, எனக்க கிட்னிக்கு இருபது வயசு” என்று என்னிடம் காட்டினாள். அதன் பின்னர் முட்டுவலி மாத்திரைகளை அச்சமின்றி விழுங்கத் தொடங்கினாள். அவை சிறுநீரகத்துக்கு ஆகாதவை என்பதை அறிவேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனும் நானே. ஜாஸ்பின் வேலையில் நிலைத்ததும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருந்தேன். அவள் நிலைத்தாள். ஆனால் அழைத்துச் சென்றால் அட்டையைப் பற்றிக் கேட்பார்களே என்று தள்ளிப்போட்டேன். கால்கள் வீங்கின. செருப்பு நுழையாமல் வெறுங்காலுடன் ஆலயத்துக்கு வந்தாள். மூச்சுவிட முடியாத நிலையிலும், “எனக்குத்தான் ஒண்ணுமில்லியே” என்றாள். நாங்கள் இருவரும் அதை நம்பியவர்களைப் போல இருந்தோம். ஒரு விடியலில் அவள் எழவில்லை.

அதே மாதம் கடற்கரையிலிருந்து கிளாரா வந்தார். கணவர் ததேயுஸை அடக்கம் செய்திருந்தார். அட்டையை என் மேசையில் வைத்து, “குழப்பமில்லன்னுதானே அண்ணே போட்டிருக்கு? பின்ன எதுக்கு அவருக்க கிட்னி போச்சு?” என்று கேட்டார். அவருக்கு நாற்காலி போட்டேன். அதற்கு மேல் செய்யத்தக்கது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவரைப் போல இன்னும் சிலர் வருவர் என்பதை அப்போதே அறிந்திருந்தேன்.

சத்தியபாயின் அடக்கத்துக்கு வந்து தங்கியிருந்த ஜாஸ்பின், கிளாரா கேட்டதை அறிந்து விவரப் பக்கங்களைக் கேட்டாள். கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது கூடத்தின் விதி, கொடுத்தேன். தாயின் பக்கத்தைப் படித்தாள். பின்னர் மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“எனக்காகவா அப்பா?”

ஆம் என்றேன். நெடுநேரம் அழுதாள். அவளுடைய தலையைத் தொடப்போன என் கையை விலக்கினாள்.

“அம்மைக்க அளவ மட்டும் மாத்தியிருந்தா ததேயுஸ் சாக மாட்டாருல்லா. மத்தவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

அதன் பிறகுதான் அவள் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தாள். அவள் கேட்டதற்கு நான் அளித்த விடையையும் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதுவது பொய். உன் அப்பா தன் வாழ்நாளில் ஒரு பொய்யையும் அச்சிட்டதில்லை, மகளே என்றேன்.